திசுவுக்குள் யார் பக்கத்தில் யார்? செல்களின் இட அமைப்பைக் கணினி அளக்கும் விதம்

பெருங்குடல் புற்றுநோய் உள்ள இருவரின் திசு சிலைடுகள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 400 சிடி8 டி-செல்கள் (புற்றுச் செல்லைக் கொல்லக்கூடிய நோய் எதிர்ப்புச் செல்கள்). முதல் சிலைடில் அவை கட்டிக்குள் நுழைந்து புற்றுச் செல்களை ஒட்டி நிற்கின்றன. இரண்டாவதில் கட்டியின் வெளி விளிம்பில், நார்த்திசுவோடு நின்றுவிட்டன. உள்ளே ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இரண்டு அறிக்கையும் ஒன்றுபோலவே இருக்கும். நோயின் போக்கு ஒன்றுபோல இருக்கும் என்று எந்த நோயியல் நிபுணரும் சொல்லமாட்டார்.

'ஏஐ வரைந்த திசு வரைபடம்', 'செல்களின் அக்கம்பக்கம்' என்று செய்திகளில் வருவதெல்லாம் இந்த வேறுபாட்டை எண்ணாக மாற்றும் முயற்சிதான். கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஜிப்மருக்கு வந்து பயாப்சி கொடுத்தவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'என் ரிப்போர்ட்டில் இது ஏன் இல்லை?' என்று கேட்பது நியாயமே. பதில் சொல்ல, அந்த வண்ணப் படத்துக்குப் பின்னால் என்ன கணக்கு நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இடம் பார்ப்பது புதிதல்ல

நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பவர்கள் எப்போதுமே இடத்தைத்தான் பார்த்துவந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு நன்கு தெரிந்த தொழுநோயையே எடுத்துக்கொள்ளலாம். உடலின் எதிர்ப்பு வலுவாக உள்ள வகையில், தோலில் உருவாகும் சிறு முடிச்சின் நடுவே கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களோடு சிடி4 செல்கள் (மற்ற எதிர்ப்புச் செல்களுக்கு உதவும் டி-செல்கள்) கலந்திருக்கும். சிடி8 செல்கள் பெரும்பாலும் வெளியே வளையம்போல் சூழ்ந்திருக்கும். கிருமி பெருகிக் கிடக்கும் வகையில் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். இரண்டும் மேக்ரோஃபேஜ்களுக்கிடையே சிதறிக் கிடக்கும். இவற்றின் விகிதமும் மாறுகிறது, அமரும் இடமும் மாறுகிறது. 1980-களிலேயே இது கண்ணால் பார்த்து எழுதப்பட்டுவிட்டது. கணினி எதுவும் தேவைப்படவில்லை.

கணினி தேவைப்படுவது, வேறுபாடு கண்ணுக்கு எட்டாதபடி நுண்ணியதாக இருக்கும்போதும், ஆயிரம் சிலைடுகளை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டியிருக்கும்போதும்தான். இதில் நடைமுறைக்கு வந்துவிட்ட உதாரணம் 'இம்யூனோஸ்கோர்'. பிரான்ஸில் ழெரோம் கலோன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. கட்டியின் நடுப்பகுதி, ஊடுருவும் விளிம்பு என்ற இரண்டு இடங்களில் சிடி3 செல்கள் (அதாவது எல்லா டி-செல்களும்), சிடி8 செல்கள் ஆகியவற்றின் அடர்த்தியைத் தனித்தனியே கணினி எண்ணும். நான்கு எண்களும் சேர்ந்து ஒரு மதிப்பெண் ஆகும். 2018-ல் பல நாடுகளைச் சேர்ந்த 2,681 பெருங்குடல் புற்றுநோயாளிகளின் திசுவில் இது சோதிக்கப்பட்டது. நோய் திரும்ப வருமா என்பதைக் கணிக்க அது உதவியது. இதில் இருக்கும் இட அறிவு மிக எளிது: உள்ளேயா, விளிம்பிலா? அவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதைவிடச் சிக்கலானவை. அதனாலேயே பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

சிலைடிலிருந்து புள்ளிப் பட்டியல் வரை

கணினிக்குத் திசு தெரியாது. அதற்குக் கிடைப்பது ஓர் அட்டவணை: ஒவ்வொரு செல்லுக்கும் கிடைமட்ட இடம், செங்குத்து இடம், வகை. இந்த மூன்று பத்திகளை உருவாக்குவதில்தான் பாதிக்கு மேல் வேலை போகிறது, முக்கால்வாசிப் பிழையும் இங்கேதான் நுழைகிறது.

1. ஃபார்மலினில் போடுதல். அறுத்தெடுத்த திசுவை, அதன் கன அளவைப்போலக் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலினில் உடனே போட வேண்டும். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான் ஊடுருவும். சித்திரை வெயிலில் வெறும் டப்பாவில் ஒரு மணி நேரம் கிடந்த திசுவில் செல்கள் தம்மைத்தாமே கரைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். உட்கருவின் ஓரம் மங்கும். அதன்பிறகு எந்த மென்பொருளாலும் அந்த ஓரத்தை மீட்க முடியாது.

2. மெழுகில் பதித்து வெட்டுதல். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் எடுப்பார்கள். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் செல் அடர்த்தி இரட்டிப்பாகத் தெரியும். கணினி அதைக் 'கூட்டம்' என்று எழுதிக்கொள்ளும். மேலும், பதப்படுத்தும்போது திசு சுருங்குகிறது. ஆகவே சிலைடில் அளக்கும் 20 மைக்ரான் உடலுக்குள் 20 மைக்ரான் அல்ல.

3. சாயம். வழக்கமான ஹிமடாக்சிலின் - இயோசின் சாயத்தில் உட்கரு நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. இதில் லிம்போசைட்டை (டி-செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) அடையாளம் காணலாம். சிடி4-ஐயும் சிடி8-ஐயும் பிரிக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு புரதத்தையும் பிடிக்கும் எதிர்ப்புரதச் சாயம் வேண்டும்.

4. ஸ்கேன். '40 மடங்கு' என்று சொல்லப்படும் ஸ்கேனில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.25 மைக்ரான். 15 மி.மீ. சதுரத் திசுவுக்கு 60,000-க்கு 60,000, அதாவது 360 கோடி பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 11 ஜிபி. '20 மடங்கில்' பிக்சல் 0.5 மைக்ரான். 7 மைக்ரான் லிம்போசைட் உட்கரு அப்போது 14 பிக்சல் அகலத்தில் தெரியும். தனியே நிற்கும் செல்லுக்கு அது போதும், நெருக்கமான கூட்டத்துக்குப் போதாது.

5. செல்லைப் பிரித்தெடுத்தல். ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் போன்ற பயிற்சி பெற்ற நிரல்கள் உட்கருவின் வெளிக்கோட்டை வரைகின்றன. க்யூபாத் என்ற இலவச மென்பொருளுக்குள் இருந்தபடியே இவற்றை இயக்கலாம்.

6. வகைப்படுத்துதல். செல்லின் சாய அளவைப் பார்த்து 'இது சிடி8', 'இது புற்றுச் செல்' என்று பெயரிடுவது.

ஐந்தாவது படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதாரணச் சிலைடில் செல்லின் வெளி எல்லை பல இடங்களில் தெரியாது. எனவே மென்பொருள் உட்கருவைச் சுற்றிச் சில மைக்ரான் விரித்து, 'செல் இதுவரை' என்று வைத்துக்கொள்கிறது. க்யூபாத்தில் நாம் மாற்றாவிட்டால் அது 5 மைக்ரான். நெருக்கமான இடத்தில் பக்கத்துச் செல்லின் சாயம் இந்த விரிவுக்குள் விழும். புற்றுச் செல்லின் சாயமும் டி-செல்லின் சாயமும் சேர்ந்த, உலகில் இல்லாத ஒரு 'கலப்புச் செல்' பட்டியலில் பிறக்கும். இத்தகைய விந்தைச் செல்கள் எங்கே அதிகம் வருகின்றன தெரியுமா? இரண்டு வகையும் ஒட்டி நிற்கும் இடத்தில், அதாவது நாம் அளக்க விரும்பும் அதே இடத்தில்.

இன்னொரு பிழை: ஓர் உட்கருவை நிரல் இரண்டாகப் பிளந்துவிட்டால், 4 மைக்ரான் தூரத்தில் ஒரே வகைச் செல் ஜோடி உருவாகிவிடும், கூட்டம் இல்லாத இடத்தில் கூட்டம். இரண்டை ஒன்றாக ஒட்டிவிட்டால், இருந்த கூட்டம் மறையும். 100 செல்லில் 5 தவறினாலும் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஆனால் 10 மைக்ரானுக்குள் நடப்பதைப் பற்றிய முடிவு தலைகீழாகலாம். எண்ணிக்கைக்குச் 'சரி' என்று தேறிய நிரல், தூரத்துக்கும் சரியாக இருக்கும் என்று நம்புவது இத்துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தற்செயல் எப்படி இருக்கும்?

புள்ளிகள் கிடைத்துவிட்டன. 'கூடி நிற்கின்றன' என்று சொல்ல, கூடாமல் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். தூறல் தொடங்கும்போது சிமெண்ட் தளத்தில் விழும் முதல் துளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளியும் இன்னொன்றைப் பார்த்து விழுவதில்லை. அதுதான் தற்செயல் பரவல். கவனித்தால் அங்கேயும் சில துளிகள் கொத்தாக, சில இடங்கள் வெறுமையாக இருக்கும். நம் கண் அதைப் பார்த்து உடனே 'கூட்டம்' என்று சொல்லிவிடும், அதனால் கண்ணை நம்பக் கூடாது.

தற்செயலுக்கு ஒரு பக்கம் ஒழுங்கு: கடலூர்ப் பக்கச் சவுக்குத் தோப்பில் கயிறு பிடித்து வரிசையாக நட்ட கன்றுகள். மறுபக்கம் கூட்டம்: தாய்மரத்தடியிலேயே கொட்டை விழுந்து முளைத்த பனங்கன்றுகள்.

இதை எண்ணாக்கும் எளிய வழி, 1954-ல் கிளார்க்கும் எவான்ஸும் தாவரங்களுக்காக வகுத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள புள்ளியின் தூரத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். தற்செயலாக இருந்தால் அந்தச் சராசரி எவ்வளவு இருக்கும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: அடர்த்தியின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். சதுர மி.மீ.க்கு 400 செல் என்றால் வர்க்கமூலம் 20, இரண்டு மடங்கு 40, விடை 0.025 மி.மீ., அதாவது 25 மைக்ரான். அளந்த சராசரியை இதனால் வகுத்தால் ஒன்றுக்குக் குறைவு கூட்டம், ஒன்று தற்செயல், ஒன்றுக்கு மேல் ஒழுங்கு. கச்சிதமான சதுர வரிசையில் நட்ட சவுக்குத் தோப்புக்கு விடை சரியாக 2 வரும்.

இந்த முறைக்கு ஒரே ஒரு அண்டை வீட்டுக்காரரைத்தான் தெரியும். தொலைவில் என்ன நடக்கிறது என்று பார்க்க, 1976-ல் பிரயன் ரிப்ளி கொண்டுவந்த 'கே சார்பு' பயன்படுகிறது. ஒவ்வொரு செல்லையும் மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை செல் என்று எண்ணுவது. பிறகு ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. மேலே சொன்ன அடர்த்தியில் 30 மைக்ரான் ஆர வட்டத்துக்குள் தற்செயலாக 1.13 அண்டைச் செல்கள் இருக்க வேண்டும். சராசரி 2.3 வந்தால், அந்தத் தொலைவில் கூட்டம் இரட்டிப்பு.

காட்டு மரங்களுக்குப் பயன்படும் கணக்கும் இதேதான். புதுச்சேரி செயின்ட் லூயிஸ் வீதியில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், குடகு மாவட்டத்தின் உப்பங்காலா பசுமைமாறாக் காட்டில் நிரந்தர ஆய்வுத் திடல் அமைத்து மரங்களின் இடத்தைக் குறித்துவருகிறது. அந்தத் தரவில் ரிப்ளியின் முறையைப் பயன்படுத்திய ஆய்வு 1990-களிலேயே வந்துவிட்டது. செல்லோ மரமோ, கணக்குக்கு எல்லாம் புள்ளிதான்.

வெற்றிடம் செய்யும் மாயம்

இங்கேதான் செய்தியில் வரும் பல 'கூட்டங்கள்' கரைந்துபோகின்றன. மேலே சொன்ன 1 சதுர மி.மீ. பரப்பில் 400 செல்கள். அளந்த சராசரி அண்மைத் தூரம் 15.5 மைக்ரான் என்போம். 25-ஆல் வகுத்தால் 0.62. 'கடுமையான கூட்டம்' என்று தலைப்பே போடலாம்.

ஆனால் அந்தச் சதுரத்தில் 0.6 சதுர மி.மீ. கொழுப்பும் சுரப்பியின் வெற்றுக் குழாயும் என்றால்? டி-செல் நிற்கக்கூடிய இடம் 0.4 சதுர மி.மீ. மட்டுமே. உண்மை அடர்த்தி 1,000. எதிர்பார்க்கும் தூரம் 15.8 மைக்ரான். இப்போது விகிதம் 0.98. செல்கள் தற்செயலாகத்தான் நிற்கின்றன. திசுவில் ஓட்டை இருப்பதைத்தான் கணினி கண்டுபிடித்திருக்கிறது.

வெற்றிடம் இல்லாவிட்டாலும் இதே சிக்கல் வரும். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: வாய்க்கால் ஓரமெங்கும் சுரபுன்னை, அதற்குப் பின்னால் மேட்டில் வெண்கண்டல். முழுக் காட்டையும் ஒரே சதுரமாக எடுத்துக் கணக்கிட்டால், 'சுரபுன்னை சுரபுன்னையை நாடுகிறது, வெண்கண்டலைத் தவிர்க்கிறது' என்று விடை வரும். இரண்டுக்கும் பகை ஒன்றும் இல்லை. ஈரமும் உப்பும் ஆளுக்கொரு இடத்தை ஒதுக்கியிருக்கின்றன. திசுவிலும் அப்படித்தான்: நார்த்திசு ஒரு மண்டலம், புற்றுச் செல் தீவு ஒரு மண்டலம். டி-செல் நார்த்திசுவில் தங்குவதாலேயே புற்றுச் செல்லைத் 'தவிர்ப்பதாக' கணக்கு சொல்லும்.

இதை எப்போதும் பிழை என்று தள்ளவும் கூடாது. 'டி-செல் நார்த்திசுவை விட்டு உள்ளே போகிறதா?' என்பது கேள்வியானால் முழுப் பரப்போடு ஒப்பிடுவதுதான் சரி. 'நார்த்திசுவுக்குள் அது மேக்ரோஃபேஜ் பக்கத்தில் நிற்கிறதா?' என்பது கேள்வியானால், ஒப்பீடு நார்த்திசுவுக்குள் மட்டும் நடக்க வேண்டும். ஒரே தரவு, இரண்டு கேள்வி, இரண்டு விடை. எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாத ஆய்வில், எந்த நிரல் பயன்பட்டது என்று தெரிந்து ஒரு பயனும் இல்லை.

ஓரமும் ஒரு தொல்லை. விளிம்பிலுள்ள செல்லின் வட்டம் படத்துக்கு வெளியே நீளும். அங்கே இருந்த அண்டைச் செல்கள் எண்ணப்படாது. 0.6 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டத் திசுத் துண்டுகளை ஒரே சிலைடில் அடுக்கிச் செய்யும் ஆய்வுகள் நிறைய உண்டு. அதில் 30 மைக்ரான் ஆரத்துக்கு 19 சதவீதப் பரப்பு இந்த ஓரச் சிக்கலில் இருக்கும். 100 மைக்ரானுக்கு 56 சதவீதம். திருத்தச் சூத்திரங்கள் உண்டு. ஆனாலும் அவ்வளவு சிறிய துண்டில் நீண்ட தூரத்தைப் பற்றிப் பேசுபவரைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

இரண்டு வகைச் செல்: சீட்டுக் கலைத்துப் பார்ப்பது

'டி-செல் புற்றுச் செல்லை ஒட்டி நிற்கிறதா?' என்பதற்குச் சூத்திரத்தைவிட எளிய வழி ஒன்று உண்டு. செல்களின் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்ச்சீட்டுகளை மட்டும் கலைத்துப் போடுவது. கலைத்த ஒவ்வொரு முறையும் டி-செல் - புற்றுச் செல் தொடுகைகளை எண்ண வேண்டும். 999 முறை கலைத்ததில் ஒரு முறைகூட உண்மை எண்ணிக்கையை எட்டவில்லை என்றால், தற்செயலாக இது நடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று எழுதலாம். அதற்குக் கீழே எழுத முடியாது, கலைத்தது அவ்வளவுதானே.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. டி-செல்லிலிருந்து புற்றுச் செல்லுக்கு உள்ள அண்மைத் தூரமும், புற்றுச் செல்லிலிருந்து டி-செல்லுக்கு உள்ள அண்மைத் தூரமும் ஒன்றல்ல. பத்து டி-செல்லும் ஆயிரம் புற்றுச் செல்லும் இருந்தால், முன்னதற்கு எப்போதும் பக்கத்தில் ஒன்று இருக்கும், பின்னதற்கு இருக்காது.

2. பத்து வகைச் செல் இருந்தால், தன் வகையோடு சேர்வதையும் சேர்த்து, திசை பார்த்த ஜோடிகள் 100. தற்செயல் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஏற்பது என்ற வழக்கமான வரம்பில், ஏறக்குறைய ஐந்து ஜோடிகள் சும்மாவே 'கண்டுபிடிப்பு' ஆகும். இதற்குத் திருத்தம் செய்தார்களா என்று பார்க்க வேண்டும்.

3. அடுத்தடுத்து வெட்டிய இரண்டு சிலைடுகளில் தனித்தனிச் சாயம் போட்டு, படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 'இந்தச் செல் அந்தச் செல்லைத் தொடுகிறது' என்று சொல்வது செல்லாது. பொருத்துவதில் வரும் நகர்வு ஒரு செல்லின் அகலத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். மண்டல அளவில் ஒப்பிடலாம், தொடுகை பேசக் கூடாது.

அக்கம்பக்கம் என்பது என்ன?

ஜோடியாகப் பார்ப்பதற்கு அடுத்த படி, தெருவாகப் பார்ப்பது. ஒவ்வொரு செல்லுக்கும் மிக அருகிலுள்ள பத்துச் செல்களை எடுத்து, அதில் எந்த வகை எத்தனை என்று எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி வந்த லட்சக்கணக்கான பட்டியல்களில் ஒன்றுபோல் இருப்பவற்றைக் கணினி குழுவாகப் பிரிக்கும். ஒவ்வொரு குழுவும் ஓர் 'அக்கம்பக்கம்'. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, முற்றிய நிலையிலுள்ள பெருங்குடல் புற்றுநோயாளிகள் 35 பேரின் திசுவில் 56 புரதங்களை அளந்து, இப்படி 9 அக்கம்பக்கங்களைப் பிரித்தது. நோயாளிகளின் இரு குழுக்களுக்கிடையே வேறுபட்டது இந்த அக்கம்பக்கங்கள் ஒன்றோடொன்று இணையும் விதம்.

அந்த ஒன்பது, பத்து ஆகிய எண்கள் இயற்கை தந்தவை அல்ல. அண்டைச் செல்கள் பத்தா இருபதா, குழு ஒன்பதா பன்னிரண்டா என்பது ஆய்வாளர் தேர்ந்தது. தேர்வை மாற்றினால் தெருவின் எல்லைகள் நகரும். நல்ல ஆய்வில் மாற்றிப் பார்த்தும் நிலைத்தது எது என்று காட்டியிருப்பார்கள்.

மரபணுச் செயல்பாட்டை இடத்தோடு அளக்கும் முறைகளுக்கும் ஓர் எச்சரிக்கை. பரவலாகப் பயன்பட்ட 'விசியம்' முறையின் முதல் வடிவத்தில் அளவிடும் புள்ளி 55 மைக்ரான் விட்டம். புள்ளிகளுக்கிடையே மையத்திலிருந்து மையத்துக்கு 100 மைக்ரான். ஒரு புள்ளிக்குள்ளேயே பல செல்கள் அடங்கிவிடும். அந்தப் படத்தைக் காட்டி 'இந்தச் செல் அந்தச் செல்லோடு பேசுகிறது' என்றால், அது நேரடி அளவு அல்ல, ஊகம்.

லட்சம் செல், ஒரே ஆள்

ஒரு சிலைடில் ஐந்து லட்சம் செல்கள் கிடைக்கலாம். அவ்வளவு பெரிய எண்ணைப் புள்ளியியல் நிரலில் போட்டால் எந்தச் சின்ன வேறுபாடும் 'மிக உறுதியானது' என்றே வரும். ஆனால் அந்த ஐந்து லட்சமும் ஒருவரின் உடலிலிருந்து, ஒரே வெட்டிலிருந்து, ஒரே நாள் சாயத்திலிருந்து வந்தவை. சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்கு அவருடைய பங்கு ஒன்றுதான். செய்தியில் 'பத்து லட்சம் செல்களை ஆராய்ந்து' என்று வந்தால், அடுத்த வரியில் எத்தனை பேர் என்று தேடுங்கள். இருபது பேர் என்றால், அது இருபது பேரின் ஆய்வு.

வெட்டும் ஒன்றுதான். 4 மைக்ரான் தடிமனில் 7 மைக்ரான் உட்கருவே முழுதாக அடங்காது. ஒரு செல்லின் உண்மையான அண்டைச் செல் மேலேயோ கீழேயோ இருந்து, வேறு வெட்டோடு போயிருக்கலாம். அதனால் சிலைடில் அளக்கும் அண்மைத் தூரம் பொதுவாக உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். எல்லாச் சிலைடிலும் இந்தக் கூடுதல் ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு தாங்கும். ஓர் ஆய்வகம் 3 மைக்ரானிலும் இன்னொன்று 5 மைக்ரானிலும் வெட்டினால் தாங்காது.

நோயாளி கையில் இருப்பது

'என் ரிப்போர்ட்டில் இது ஏன் இல்லை?' என்ற கேள்விக்கு வருவோம். இம்யூனோஸ்கோர் போன்ற ஓரிரு சோதனைகளைத் தவிர, இட அமைப்புக் கணக்கு எதுவும் சிகிச்சையை முடிவுசெய்யும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. அது இல்லாத அறிக்கை குறைபாடுள்ள அறிக்கை அல்ல. நோயின் வகை, தரம், பரவிய அளவு, தேவையான எதிர்ப்புரதச் சோதனைகள் ஆகியவைதான் இன்றைய முடிவுகளுக்கு அடிப்படை.

பின்னாளில் ஏதாவது புதிய சோதனை வந்தால் அதற்கு வேண்டியது பழைய அறிக்கைத் தாள் அல்ல, திசு பதித்த மெழுகுக் கட்டி. 'பிளாக்' என்று கேட்டால் ஆய்வகத்தில் புரியும். சரியாக ஃபார்மலினில் பதப்பட்ட திசு அதற்குள் பல ஆண்டுகள் இருக்கும். மறுபடியும் சீவி, புதிய சாயம் போடலாம். சிலைடை அப்படி மறுபடி வெட்ட முடியாது. கடலூரில் பயாப்சி எடுத்து, புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள் அறிக்கையோடு பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிச் செல்வது நல்லது. வாங்கியதை வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே வைக்கக் கூடாது. அந்த மெழுகு 56 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும்.